பூமிநாதன் எரிந்த அடுப்புகள்

கடலுக்கு நடுவே இரும்புக் கால் ஊன்றி நின்ற காஸ் மேடையில் தீப்பிடித்தது. அங்கே வெல்டராக இருந்த பூமிநாதன் காணாமல் போனான் என்று மாசி மாதம் கீழச்சங்குளத்துக்குச் சேதி வந்தது. செத்தான் என்று வரவில்லை, இருக்கிறான் என்றும் வரவில்லை. அந்தச் சொல்லுக்கும் இந்தச் சொல்லுக்கும் நடுவில் கிடந்த பொட்டலில்தான் அவன் பெண்டாட்டி சந்தனமாரி அதன்பிறகு குடியிருந்தாள். இழவு விசாரித்துத் துட்டி கேட்க யாருக்கும் வாயில்லை, தாலியைக் கழற்றச் சொல்லவும் வாயில்லை, பூ வைத்துக்கொள்ள அவளுக்கு மனசில்லை, கல்யாண வீட்டிலும் அவளைக் கூப்பிடத் தயங்கினார்கள், இழவு வீட்டிலும் அவளைக் கண்டால் அழுகையை நிறுத்திவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் புதுச் சிலிண்டரை மாட்டி, உலை வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள். பூமிநாதன் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். ஆரஞ்சு நிற வேலை உடுப்பு, ஒரு காலில் பூட்ஸ், மறுகால் வெறுங்கால்.

"உலை கொதிக்க நேரமாகுமா?" என்று கேட்டான்.

"இப்பத்தான் வச்சேன் மச்சான்" என்றாள் சந்தனமாரி. அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "அயித்தே, மச்சான் வந்துருக்காக. கொடியில கெடக்குற வேட்டியை எடுத்துக்கிட்டு வாங்க" என்று குரல் கொடுத்தாள்.

பூமிநாதனின் தாய் ராக்காயி வேட்டியோடு வந்து, மகனைப் பார்த்து, "ஒத்தச் செருப்போடயாடா அங்கேருந்து வந்த?" என்று கேட்டுவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெறுங்காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சோறு வெந்ததும் சந்தனமாரி அடுப்பை அணைத்தாள். ராக்காயியின் மடியில் வேட்டி மட்டும் கிடந்தது. மறுபடி பற்றவைத்தாள். கால் மடியில் இருந்தது. இப்படித்தான் அந்த வீட்டில் விஷயம் இன்னதென்று தெரிந்தது: அடுப்பு எரியும் மட்டும் அவன் இருப்பான், அணைந்தால் இருக்கமாட்டான்.

பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வீடு ஒருத்தன் கடல்தாண்டிப் போயிருக்கிற ஊர் அது. வந்தவனை வாசலில் நின்று நலம் விசாரிப்பது அங்கே பழகிப்போன மரியாதை. ஆகவே பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்று, "எப்ப வந்தீக தம்பி, உடம்பு எளைச்சிருக்கே" என்று கேட்டார்கள், அவனும் "இப்பத்தான் மதினி" என்று ஒவ்வொருத்திக்கும் பதில் சொன்னான். வேலித் தகராறு முற்றிக் கிடந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் அவன் முன்னால் வந்து நியாயம் கேட்டார்கள். எதிர்வீட்டு ரஹ்மத் பீவி தன் மருமகனைப் பற்றிக் கேட்டாள், அவன் அதே மேடையில் சமையல்காரன், தை கடைசியில்தான் லீவு முடிந்து திரும்பிப் போனவன். "தீப்பிடிச்சப்போ மேல்தட்டுல இருந்தான் அக்கா, அப்புறம் பாக்கல" என்றான் பூமிநாதன். ரஹ்மத் தன் வீட்டுக்குப் போய்த் தன் சிலிண்டரைப் பற்றவைத்துப் பார்த்தாள். நீலத் தீ எரிந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊரில் எந்தப் பெண்ணும் புதுச் சிலிண்டர் மாட்டினால் முதலில் அடுப்பைப் பார்க்காமல் அடுப்புக்குப் பக்கத்துத் தரையைத்தான் பார்த்தாள்.

வெறும் தீயை எரியவிட யாருக்கும் கை வராது. அதனால் சந்தனமாரியின் அடுப்பில் எப்போதும் ஏதாவது ஒன்று வெந்துகொண்டிருந்தது. தெருப்பிள்ளைகளுக்கு அவித்த கிழங்கு கிடைத்தது, கிழவர்களுக்குக் குளிக்க வெந்நீர் கிடைத்தது, காக்கைகள் அந்தக் கூரையை விட்டு எழவே இல்லை. பூமிநாதன் தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். ஆனாலும் தட்டு போட்டபடி நிறைந்தே இருந்தது. அந்தத் தட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் ராக்காயியே எடுத்துப்போய்ப் புழக்கடையில் உட்கார்ந்து தின்றாள். பெத்தவளுக்குப் பிள்ளையின் எச்சில் மேல் அத்தனை ஆசை என்று சந்தனமாரி நினைத்தாள், கொஞ்சம் பொறாமைகூடப் பட்டாள்.

எதை வேண்டுமானாலும் பேசினான், அந்தத் தீயைப் பற்றி மட்டும் பேசமாட்டான். அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்து, எதுவரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்ப்பாள். அதுவரைதான் உள்ளே மிச்சம். அந்த ஈரக்கோடு தினமும் கீழே இறங்கியது. அவள் சிம்மில் வைத்தாள், அவன் குரலும் சின்னதாகியது. ஆவணி பிறந்து ஒருநாள், அவன் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தபோது தீ மஞ்சளாகி, நடுங்கி, அணைந்தது. அடுத்து வந்த சிலிண்டரில் யாரும் இல்லை.

சிலிண்டர் போடுகிற ஞானப்பிரகாசத்தைச் சந்தனமாரி வாசலில் மறித்தாள்.

"இந்த காஸ் எங்கேருந்துண்ணே வருது?"

"மதுரைக்கு அந்தாண்ட நிரப்புறாகள்ல, அங்கேருந்து."

"அங்கே எப்படி வருது?"

ஞானப்பிரகாசம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். "தூத்துக்குடியிலேருந்து டாங்கர் லாரி வரும். அங்கே கப்பல்ல வருது, உங்க வீட்டுக்காரர் வேலை பாத்த நாட்டுலேருந்து. கொஞ்சம் மெட்ராஸ் பக்கமிருந்து வரும்ங்கிறாக, கொஞ்சம் நம்ம தஞ்சாவூர்ச் சீமை வயலுக்கு அடியில எடுக்கிறதுங்கிறாக. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்துதானம்மா அடைக்கிறாக. எது எந்த ஊருன்னு காஸுக்கா தெரியப்போகுது? எனக்கும் அதுக்கு மேல தெரியாது."

"அந்தக் கப்பல் காஸ் எந்தெந்த ஊருக்குப் போயிருக்கும்?"

"எந்த ஊருக்குப் போகல? தமிழ்நாடு பூராவும்தான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் புருஷன் ஒரு சிலிண்டரில் வரவில்லை, ஒரு கப்பலில் வந்திருக்கிறான். கப்பலிலிருந்து லாரிக்கும் லாரியிலிருந்து உருளைக்கும் பிரிந்து, எந்தெந்தத் தெருவிலோ யார் யார் வீட்டிலோ இந்நேரம் பால் காய்ச்சிக்கொண்டும் பருப்பு வேகவைத்துக்கொண்டும் எரிந்து தீர்ந்துகொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டது. தெருவில் இறங்கி, "அடுப்பை அணைங்க, கொஞ்ச நாளைக்கு அணைச்சு வைங்க" என்று வீடுவீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். யாரும் அவளைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. தெரு முழுக்கக் கருவேல விறகு வெட்டிவந்து கல்கூட்டி ஆக்கித் தின்றது. ஆனால் கீழச்சங்குளம் விறகெரித்தால் தமிழ்நாடு விறகெரித்த மாதிரி ஆகுமா?

தகவல்கள் ஒவ்வொன்றாக வந்தன. திருப்பூரில் பனியன் கம்பெனிப் பிள்ளைகளின் விடுதியில் ஆரஞ்சு உடுப்புக்காரர் ஒருவர் அடுப்படியில் உட்கார்ந்திருப்பதாகவும், பிள்ளைகள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவதாகவும் ஒருத்தி சொல்லியனுப்பினாள். சேலத்தில் ஒரு டீக்கடையில் முழங்கைக்குக் கீழே கை மட்டும் வந்து கண்ணாடிக் கிளாசை நகர்த்தியதாம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் ஆளே வரவில்லை, இருமல் மட்டும் வந்தது. அந்த வீட்டுக்காரி இருமலுக்குச் சுக்குக் காப்பி போட்டு வைத்தாளாம். காரைக்குடியில் ஒரு மெஸ்ஸில் முழு ஆளாக இருக்கிறார் என்று ஞானப்பிரகாசத்தின் மைத்துனன் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் சந்தனமாரி பஸ் ஏறினாள்.

மெஸ்ஸின் பின்கட்டில் புகைக்கு நடுவே, பெரிய அடுப்புக்குப் பக்கத்தில், பூமிநாதன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"எப்ப வந்த?" என்றான், பத்து நாள் முந்தி அவளோடு பேசியதே நினைவில்லாதவன்போல.

"உங்க வீட்டுக்காரரா?" என்றார் மாஸ்டர் சுப்பையா, நெற்றி வியர்வையை வழித்தபடி. "தங்கமான மனுசன்மா. வந்த நாளிலேருந்து சும்மா உக்காந்ததில்ல."

"அண்ணே, அடுப்பை அணைங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

மாஸ்டர் முன்பக்கம் கையைக் காட்டினார். பந்தியில் இலைபோட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், லோடுமேன்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். "இத்தனை பேருக்கு நான் என்னம்மா சொல்றது?"

அவள் அவரைத் தள்ளிவிட்டு அடுப்பின் திருகில் கை வைத்தாள். "விடு சந்தனம்" என்றான் பூமிநாதன். "பசியோட வந்து உக்காந்திருக்காக." கையை எடுத்தாள். கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை அவன் எதிரில் உட்கார்ந்து அவளும் வெங்காயம் உரித்தாள், கண்ணீருக்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்பு அணைந்தபின் மாஸ்டர் பின்னறையிலிருந்து வாய்மூடி உடைக்காத ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். "அதே லோடுல வந்தது. வீட்டுச் சிலிண்டரை ஓட்டல்ல வைக்கக்கூடாது, இருந்தாலும் வச்சிருந்தேன். எடுத்துக்கிட்டுப் போங்க. இங்க இருந்தா நான் எரிச்சிருவேன்."

பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றார்கள். உப்பு ஏற்ற வெறும் வண்டியாகப் போன ஒரு லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். அவள் தன் சேலை ஒன்றைச் சுற்றி, குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, சிலிண்டரை ஊர் கொண்டுவந்து சேர்த்தாள்.

அதை அவள் பற்றவைக்கவில்லை. பற்றவைத்தால் தீர்ந்துபோகும். மாடியறையில் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, காலையில் எழுந்ததும் ஒருமுறை ஆட்டிப்பார்ப்பாள், உள்ளே தளும்பும். அதற்குள் திருப்பூர்ப் பிள்ளைகள் சித்தப்பா போய்விட்டார் என்று அழுது சொல்லியனுப்பினார்கள். காரைக்குடியிலும் இல்லை, சேலத்திலும் இல்லை. மாநிலம் அவனைச் சமைத்து முடித்துவிட்டது. மிச்சமிருந்தது இந்த ஒரு சிலிண்டர்தான்.

"அதைப் பத்தவச்சு எரிய விடு மாரி" என்றாள் ராக்காயி ஒருநாள்.

"தீர்ந்துட்டா உங்க மகன் எங்கேருந்து வருவாக?"

"வரக்கூடாது ஆத்தா. அவன் செத்துட்டான்."

சந்தனமாரி அத்தையை அடிக்கக் கை ஓங்கியிருப்பாள், அவ்வளவு ஆத்திரம். "உங்க வாயாலயா சொல்றீக?"

"என் வாய்க்குத்தான் தெரியும். அவன் தின்ன தட்டுச் சோத்தை வேற யாருக்காச்சும் கொடுத்தேனா? உப்பில்ல, புளிப்பில்ல, ஒண்ணுமே இல்ல. படையல் போட்டு எடுத்த சோறு அது. சாமியாப் போனவுகதான் ருசியை மட்டும் எடுத்துக்கிட்டுச் சோத்தை விடுவாக. மொத நாளே தெரிஞ்சுபோச்சு." ராக்காயியின் குரல் உடையவில்லை, பாறை மாதிரி இருந்தது. "அவனுக்குக் கொள்ளி வைக்க ஒடம்பு வரல. ஊரு ஊரா அடுப்புல எரிஞ்சு எம்பிள்ளை அவனே தன்னை எரிச்சுக்கிட்டு வாரான். நீ பாதியில பொத்தி வச்சிருக்க."

சந்தனமாரி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. கப்பல்கள் கரை அணைய முடியாமல் நடுக்கடலில் நின்றன, சிலிண்டர் லாரிகள் வரவில்லை, மழை விட்டுவிட்டுப் பெய்யாமல் விடாமல் பெய்தது, கண்மாய் உடைத்துக்கொண்டு கீழச்சங்குளத்துக்குள் புகுந்தது. பூமிநாதன் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி ஒன்றுதான் அந்தத் தெருவில் உயரம். தெருவே அதில் ஏறியது. ஆடும் கோழியும் கைப்பிள்ளைகளும் நனைந்த பாய்களுமாக முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ரஹ்மத்தின் மகளுக்குப் பிள்ளை பிறந்து மாசம் ஆகவில்லை. தாய்க்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. பால்மாவு டப்பா இருந்தது. அதைக் கரைக்கக் கண்மாய்த் தண்ணீர்தான் இருந்தது. விறகெல்லாம் தண்ணீரில் மிதந்தது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டில் என்ன இருக்கிறதென்று எல்லாருக்கும் தெரியும், அது எந்த அறையில் இருக்கிறதென்றும் தெரியும். அந்தக் கதவின் பக்கம் பார்வை போய்விடக்கூடாது என்று எல்லாரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை முதல்நாள் முழுக்க வீறிட்டது. மறுநாள் காலையில் குரல் தேய்ந்தது. மத்தியானத்துக்கு மேல் வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. ரஹ்மத் அப்போதும் கேட்கவில்லை. பேத்தியை மார்போடு அணைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்த முதுகைத்தான் சந்தனமாரியால் தாங்க முடியவில்லை.

உள்ளே போய்ச் சிலிண்டரைச் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்தாள். கீழேயிருந்து தூக்கிவந்திருந்த அடுப்பில் மாட்டினாள். பற்றவைத்தாள்.

பூமிநாதன் வந்தான். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள், ஒண்ட இடமில்லாத அந்தக் கூட்டத்தில், ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ரஹ்மத் பால்மாவைக் கரைத்துப் பாலாடையில் ஊட்டினாள், முதல் வாய் கடைவாயில் வழிந்தது, இரண்டாவது வாய் உள்ளே இறங்கியது. சந்தனமாரி அதைப் பார்த்த கையோடு திருகைத் தேடினாள்.

"அணைக்காத" என்றான் பூமிநாதன்.

"தீர்ந்துருவீக மச்சான். கொஞ்சம் கொஞ்சமா வச்சுக்குறேன். வருசத்துக்கு ஒருக்கா, உங்க முகத்தை மட்டும்..."

"அணைச்சா அங்கேதான் போறேன் சந்தனம்."

"எங்கே?"

"மேடையிலேருந்து விழுறேன். மேலே தீ, கீழே தண்ணி. விழுந்துட்டா இருட்டு, குளிரு. நீ பத்தவைக்கிறவரைக்கும் அந்தத் தண்ணிக்குள்ளேயே கெடக்குறேன். ஒவ்வொரு தடவையும்."

திருகைத் தேடிய கையை அவள் எடுத்துக்கொண்டாள். சோறு வெந்ததும் அணைத்தது, சிக்கனத்துக்காக அணைத்தது, அவன் பாதிப் பேச்சில் இருக்கும்போது அணைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஆவணியிலிருந்து இன்றுவரை கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் ஆட்டி ஆட்டிப் பார்த்து நிம்மதியடைந்த அந்தத் தளும்பல்.

"ஏன் மச்சான் சொல்லல?"

"நீ ரொம்பச் சந்தோசமா பத்தவச்ச" என்றான்.

சந்தனமாரி திருகை முழுக்கத் திறந்தாள். தீ எழும்பியது. பெரிய பானையை ஏற்றினாள், மேலே ஏற்றியிருந்த அரிசி முழுவதையும் கொட்டினாள். ஆவி அந்த மாடி முழுக்கப் பரவி நனைந்த உடம்புகளைச் சுட வைத்தது. ராக்காயி நகர்ந்து வந்து மகனின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சு ராசா" என்றாள்.

"தெரியும் ஆத்தா" என்றான்.

கஞ்சி கை கையாகப் போனது. அடுத்த உலை ஏறியது, அதற்கடுத்த உலையும். அவன் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தான், ஆட்டைக்கூடப் பார்த்தான். தீ நுனி மஞ்சளானபோது சந்தனமாரி அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள், ஏதாவது சொல்லுவான் என்று அவன் வாயையே பார்த்தாள்.

"கொல்லைக் கதவு இந்த மழைக்கு ஊதிப்போகும்" என்றான் பூமிநாதன். "தண்ணி வடிஞ்சதும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இழைக்கணும். அடிக்காத, இழைச்சாப்..."

தீ அணைந்தது. அவள் கைக்குள் அவள் கைகளே இருந்தன.

அவள் அழவில்லை. மழை ஓய்ந்து, கண்மாய் வடிந்து, ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போகும்வரை, நெருக்கியடித்த அந்தக் கூட்டத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத் தரை காலியாகவே கிடந்தது. கைப்பிள்ளைகள் தவழ்ந்து போனால்கூட இழுத்துக்கொண்டார்கள். அவள் அதையும் வறண்ட கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல்கள் கரைக்கு வந்தன, லாரிகள் ஓடின, ஞானப்பிரகாசம் சிலிண்டர் கொண்டுவந்து தானே மாட்டி, தானே பற்றவைத்து, பக்கத்துத் தரையைப் பார்க்காமல் தலைகுனிந்து போனான்.

சேறு கழுவித் தள்ளுகிற அன்றைக்குக் காலையில் சந்தனமாரி கொல்லைக் கதவைத் திறக்கப் போனாள். வரவில்லை. தாழ்ப்பாளைப் பார்த்தாள், திறந்துதான் இருந்தது. இழுத்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். மரம் நீரைக் குடித்து நிலையோடு இறுகிக் கிடந்தது. மறுபடி தள்ளினாள், மறுபடி, மறுபடி, பிறகு இரண்டு கையாலும் கதவை அறைந்து, "மச்சான்" என்று ஒரு சத்தம் போட்டாள். அது அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சுவரைப் பெயர்த்துக்கொண்டு தெருவுக்குப் போனது.

அடுப்படியில் இருந்த ராக்காயி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அந்தச் சேற்றிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகளின் கொண்டையை அவிழ்த்துவிட்டாள், தன் கொண்டையையும் அவிழ்த்தாள்.

எதிர்வீட்டிலிருந்து ரஹ்மத் முதலில் வந்தாள். பின்னாலேயே தெருப்பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்தார்கள். மாசி மாதத்திலிருந்து கேட்காமல் நின்றுபோன துட்டியை அன்றைக்குத்தான் கீழச்சங்குளம் அந்த வீட்டில் கேட்டது.